உள்ளங்கைச் சீனி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் தேத்தண்ணிக்குள் சீனி போடும் வழக்கம் கிடையாது. உள்ளங்கையில்தான் போடுவார்கள். வலது கையில் கோப்பை, இடது கையில் ஒரு கரண்டி சீனி. ஒரு நக்கு, ஒரு மிடறு. கடைசி மிடறும் கடைசிச் சீனியும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும். அது ஒரு கணக்கு. சின்ன வயதிலேயே கைவந்துவிடும். சீனியை மிச்சம் பிடிக்க வந்த பழக்கம் என்று படித்தவர்கள் விளக்கம் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் எங்கள் பக்கம் வாசலில் போகிறவரைக் கூப்பிட்டு, கையை நீட்டச் சொல்லி, சீனியைப் போட்டுக் கோப்பையைக் கொடுத்தால்தான் அது உபசரிப்பு. வெறும் தேநீர்ச் சாயத்தை மட்டும் கொடுத்தால், வந்தது போதும், கிளம்புங்கள் என்று சொன்னதற்குச் சமம்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எங்கப்பாவுக்கு ஒன்பது வயதில் நான் செய்த காரியம் இந்தப் பழக்கம் தெரியாதவர்களுக்குப் புரியாது. என் ஒன்பது வயதில் என்று சொல்ல வேண்டும். அப்பாவுக்கு அப்போது நாற்பத்தைந்து இருக்கும்.

இலங்கை மலையகத்தில் றொசல்ல ஸ்டேசனில் இறங்கி மேலே ஏறினால் வரும் தோட்டம் எங்களுடையது. பன்னிரண்டு காம்பரா, அதாவது ஒற்றை அறை வீடு, வரிசையாக ஒட்டிய லயம். அதில் கடைசிக் காம்பராவில் நாங்கள் இருந்தோம். அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். வளர்ந்து போன தேயிலைச் செடியைக் கத்தியால் முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்கும் வேலை அது. ஒரு நாள் கத்தி வழுக்கி வலது கால் சுண்டு விரலில் பட்டது. கவ்வாத்துக்காரர்களுக்கு இதெல்லாம் ஒரு காயமா? துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு மறுநாளும் பெரட்டுக்கு, காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போய்விட்டார். ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று, காயம் ஆறவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்து, சீனி வருத்தம், நீரிழிவு என்றார்கள். அந்த விரலையும் எடுத்துவிட்டார்கள்.

சீனி வருத்தம் என்றால் என்னவென்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மேட்டு லயத்துப் பெரியப்பா ஒருவர் இருந்தார். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் கிடையாது. அவர் வாசலில் உட்கார்ந்திருப்பதைத் தாண்டித்தான் நாங்கள் பள்ளிக்கூடம் போவோம். அவருக்கும் விரலில்தான் தொடங்கியதாம்.

அப்பாவால் இனிக் கவ்வாத்து வெட்ட முடியாது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களாவில் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை கொடுத்தார்கள். அம்மா வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போனாள். போகிற அன்று காலையில், சீனி வைத்திருந்த பழைய பிஸ்கட் டின்னை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"இனிமே இது ஒன் பொறுப்பு. அப்பா கைல குடுக்காத. அப்பாவுக்கு சீனி கொறஞ்சு காலு நல்லாயிருச்சின்னா, அம்மா ஓடி வந்துருவேன்."

பிள்ளையைத் தேற்ற எல்லா அம்மாவும் சொல்கிற மாதிரிதான் அவளும் சொல்லியிருப்பாள். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். அப்பாவின் சீனி குறைய வேண்டும்; குறைந்தால் அம்மா வருவாள். அதற்கு நடுவில் குவைத்தில் ஒரு வீடு, ஒரு முதலாளியம்மா, கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் என்றெல்லாம் இருப்பது எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளுடைய முதலாளி வீட்டார் வெளியே போகும்போது போன் வரும். அந்தப் போனுக்காகச் சனிக்கிழமையிலிருந்தே காத்திருக்கத் தொடங்கிவிடுவேன்.

அப்பா லேசுப்பட்ட ஆள் இல்லை. இனிப்பென்றால் அவருக்கு உயிர். முதல் வாரத்திலேயே எனக்கு இருமலுக்குக் கொடுத்திருந்த சிவப்பு மருந்துப் போத்தல் பாதியாகிவிட்டது. எனக்கு இருமல் குறைந்து பத்து நாளாகியிருந்தது. விறகுக் கட்டுக்குப் பின்னால் ஒரு டின் இனிப்புப் பால் கண்டெடுத்தேன். மேலே ஆணியால் இரண்டு ஓட்டை. கேட்டதற்கு, பூனைக்கு வாங்கியதாகச் சொன்னார். எங்களிடம் பூனை இல்லை. கோயில் பொங்கலை வாழையிலையில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். பை நனைந்து எறும்பு ஊர்ந்தது. ஒவ்வொன்றையும் நான் பிடித்தேன். பிடித்தபோதெல்லாம் அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிடும். ஆனால் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொள்வேன்.

கிளினிக்குக்கு நான்தான் கூடப் போவேன். அங்கே ஒரு சிங்கள டொக்டர் அம்மா. அட்டையைப் பார்த்துவிட்டு, விரலை ஆட்டி, "சீனி கன்ன எபா" என்பார். சீனி சாப்பிடக் கூடாது என்று அர்த்தம்; எபா என்றால் கூடாது. அப்பா "ஹரி, ஹரி" என்று, அதாவது சரி சரி என்று, ரொம்பப் பணிவாகத் தலையாட்டுவார். அன்றிலிருந்து எனக்கு வீட்டில் எபா டொக்டர் என்று பேர். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அடுப்படியை எட்டிப் பார்த்தால், "எபா டொக்டர் வந்துட்டாங்க, எல்லாத்தையும் மூடிருவோம்" என்று இல்லாத சட்டி பானைகளையெல்லாம் மூடுவதுபோல் பாவனை செய்வார்.

வீட்டுக்குள் வந்த வழிகளையெல்லாம் அடைத்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். மூன்றாம் தடவை கிளினிக்குக்குப் போனபோது சீனி குறையவில்லை, கூடியிருந்தது. டொக்டர் அம்மா அப்பாவின் காலைத் தூக்கிப் பார்த்தார். விரல் எடுத்த இடத்துக்குப் பக்கத்தில் தோல் கறுத்திருந்தது. அன்று அவர் விரலை ஆட்டவில்லை. கொச்சைத் தமிழில் மெதுவாக, இப்படியே போனால் இங்கே வெட்ட வேண்டிவரும் என்று கணுக்காலுக்கு மேலே கையால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். பஸ்ஸில் வரும்போது அப்பா தன் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். கால் போய்விடுமே என்றுதான் அழுதேன் என்று எழுத ஆசை. அம்மா வரமாட்டாளே என்பதுதான் அந்த அழுகையில் பெரும் பங்கு.

வீட்டுச் சீனி டின் என் காவலில் இருந்தது. அப்படியானால் எங்கிருந்து ஏறுகிறது? விடை கண் முன்னாலேயே இருந்தது. பங்களா வேலை நாலு மணிக்கு முடிந்துவிடும். லயத்தின் முதல் காம்பராவிலிருந்து எங்கள் கடைசிக் காம்பராவுக்கு வர இரண்டு நிமிடம் போதும். அப்பா ஐந்தரைக்குத்தான் வந்து சேருவார். நடுவில் பதினொரு வாசல். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் அந்த நேரத்தில்தான் அடுப்பு மூட்டுவார்கள். "அண்ணே, வாங்க, ஒரு வாய் சாயம் குடிச்சிட்டுப் போங்க" என்று ஒரு குரல் வரும். அப்பா இஸ்தோப்பில், அதாவது வாசலோடு ஒட்டிய அந்த ஒடுங்கிய தாழ்வாரத்தில், குந்திக்கொள்வார். கையை நீட்டுவார். பங்களாவில் துரை நாய்க்குச் சோறு ஊட்டும் கதையைச் சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள். பிறகு அடுத்த வாசல்.

மறுநாளே கிளம்பினேன். தலை சீவி, பள்ளிக்கூடச் சட்டையோடு, முதல் காம்பராவிலிருந்து தொடங்கினேன். பெரிய மனுசிபோல வாசலில் நின்று, எங்கப்பாவுக்கு இனிச் சீனி கொடுக்காதீர்கள், கொடுத்தால் காலை வெட்டிவிடுவார்கள் என்று சொன்னேன். எல்லாரும் "ஐயோ பாவம், சரி புள்ள" என்றார்கள். பக்கத்து வீட்டுச் சித்தி மட்டும், எனக்குத் தினமும் சடை பின்னிவிடுகிறவள், அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

"ஒங்கப்பாவ கூப்பிட்டு வெறுஞ்சாயத்த எப்புடிடி குடுப்பேன்? எழவு வீட்டுலகூட கைல சீனி குடுத்துத்தான அனுப்புறோம்."

"அப்ப கூப்பிடாதீங்க சித்தி" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். மறுபடி அடுப்பை ஊதத் தொடங்கினாள்.

நான் சொன்ன அந்த ஒரு பதில் எனக்கே ரொம்பப் பிடித்துப்போயிற்று. தெளிவான பதில். முதல் காம்பராவுக்குத் திரும்பப் போய் மற்ற பத்து வீட்டிலும் அதையே சொல்லிவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை அம்மாவிடம் சொன்னபோது அவளும், என் தங்கம், நீதான் கெட்டிக்காரி என்றாள். அந்த வாரம் முழுவதும் தரையில் கால் படாமல் நடந்தேன்.

அதன்பிறகு அப்பா நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு வீட்டுக்கு வந்தார்.

அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. கூப்பிட்டுவிட்டுச் சீனி கொடுக்காமல் இருக்க வெட்கம். சீனி கொடுத்தால் பாவம். அதனால் அப்பாவின் தலை லயத்து மூலையில் தெரிந்ததும் ஒவ்வொருத்தராக உள்ளே போய்விடுவார்கள். ஒரு நாள் நான் நாலாம் காம்பராவில் பாடப் புத்தகம் வாங்கப் போயிருந்தேன். "அண்ணன் வாறாரு, கதவ சாத்து" என்று அந்த வீட்டுக்கார அக்கா பதற்றமாகச் சொன்னாள். கதவிடுக்கு வழியாக அப்பா நடந்து போவதைப் பார்த்தேன். கொஞ்சம் நொண்டி நொண்டி, ஒவ்வொரு வாசலிலும் நடையைத் தளர்த்தி, பிறகு அடுத்த வாசலுக்குப் போனார். நான் பூரித்துப் போனேன். என் திட்டம் இவ்வளவு சரியாக வேலை செய்யும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இஸ்தோப்பில் உட்கார்ந்து கீழே தெரிகிற றெயில் பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் உள்ளே வீட்டுப்பாடம் எழுதுவேன். மழைக்காலத்தில் அந்தப் பாதையும் தெரியாது, வெறும் பனிமூட்டம்தான். அதையும் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"புள்ள, ஒனக்குத்தான் சீனி எபா இல்லையே. இந்தா, இப்புடி வந்து ஒக்காரு. நீ சீனிய நக்கிக் குடி. நான் பாத்துக்கிட்டே வெறுஞ்சாயம் குடிச்சுக்கிறேன்."

எனக்கு அது விளையாட்டாக இருந்தது. டின்னைத் திறந்து கையில் கொஞ்சம் போட்டுக்கொண்டேன். நான் ஒரு நக்கு நக்கினால் அவர் ஒரு மிடறு குடிப்பார். இனிக்குதா என்று கேட்பார். இனிக்குது என்பேன். "எனக்கும் இனிக்குது" என்பார். நாலைந்து நாள் இப்படி நடந்தது. பிறகு எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பக்கத்தில் சீனியை வைத்துக்கொண்டிருந்தால் ஒரு நாள் கை நீளாதா? அம்மாவிடம் கேட்டேன். அவள் டின்னைச் சித்தியிடம் கொடுத்துவிடச் சொன்னாள். கொடுத்துவிட்டேன். எனக்கும் சீனியில்லாமல் போயிற்று. அந்தத் தியாகத்தை நினைத்து என்னை நானே மெச்சிக்கொண்டேன். அன்று சாயந்தரம் அப்பா கோப்பையை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் வெறுங்கையைக் காட்டினேன். சரி என்று தலையாட்டிவிட்டுக் குடித்தார்.

அடுத்த கிளினிக்கில் சீனி குறைந்திருந்தது. டொக்டர் அம்மா என் கன்னத்தைத் தட்டினார். காலில் கறுப்பும் வெளுத்துக்கொண்டு வந்தது. நான் அன்றிலிருந்து அம்மாவின் வருகைக்கு நாள் எண்ணத் தொடங்கினேன்.

அப்படி எண்ணிக்கொண்டிருந்த நாளில்தான் அப்பா மறுபடி பிந்தி வர ஆரம்பித்தார். ஆறரை, சில நாள் ஏழு. வரும்போது வாய்க்குள் ஏதோ பாட்டு வேறு. பாட்டு வந்தால், எங்கேயோ இனிப்பு கிடைத்திருக்கிறது என்று எனக்குப் பயம். எங்கே போனீர்கள் என்று கேட்டால், "சும்மா நடந்துட்டு வாறேன், டொக்டர் நடக்கச் சொன்னாங்கதான" என்றார். பூனைக்கு டின் பால் வாங்கியவரின் பேச்சை எப்படி நம்புவது?

ஒரு சனிக்கிழமை பின்னாலேயே போனேன். தேயிலைச் செடிகளுக்குள் குனிந்து குனிந்து, இரண்டு காலிலும் அட்டை கடிக்க, இரண்டு மைல். அப்பா கீழ்க்கணக்குக்குப் போனார். எங்கள் தோட்டத்தின் கீழ்ப் பிரிவு அது. அங்கே எங்களை யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது, என் தடையுத்தரவு அவ்வளவு தூரம் எட்டியிருக்கவில்லை. அவரோடு முன்பு கவ்வாத்து வெட்டிய மாமா ஒருவரின் வீடு அங்கே இருந்தது. நான் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"வாங்க மச்சான், வாங்க வாங்க" என்று அந்த மாமாவின் குரல் கேட்டது. "ஏய், அண்ணனுக்குத் தேத்தண்ணி கொண்டா. கைய நீட்டுங்க மச்சான்."

அப்பா கையை நீட்டினார். அந்த வீட்டு அத்தை சீனி போட்டாள். அப்பா கையை மூடிக்கொண்டார். எனக்கு அவருடைய முதுகும் பாதி முகமும்தான் தெரிந்தது. சாயத்தைக் குடித்தார், துரை நாயின் கதையைச் சொன்னார், நடுநடுவே மூடிய கையை மீசைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொண்டுபோய் இறக்கினார். மாமா தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. எனக்கு அதைப் பார்த்து ஆத்திரம்தான் வந்தது. இங்கே நான் சீனியில்லாமல் சாயம் குடிக்கிறேன், இவர் இரண்டு மைல் நடந்து வந்து கள்ளத்தனமாகத் தின்றுவிட்டுச் சிரிக்கிறார்.

அவர் விடைபெற்றுக் கிளம்பியதும் நான் குறுக்குப் பாதையால் முந்திக்கொண்டேன். மலையிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக விழும் பீலி ஒன்று பாதையோரம் உண்டு. அங்கே காத்திருந்தேன். அப்பா வந்தார், சுற்றிப் பார்த்தார், குனிந்து இடது கையைத் தண்ணீருக்குள் நீட்டி விரித்தார். வெள்ளையாக, கட்டியாக ஏதோ ஒன்று சிமெந்துத் தளத்தில் விழுந்து கரைந்து ஓடியது.

"பாத்துட்டேன்" என்றபடி வெளியே வந்தேன்.

அப்பா திடுக்கிட்டு நிமிர்ந்தார். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நான் திங்கல புள்ள."

"அப்ப அது என்னா?"

"திங்காதனாலதான புள்ள கொட்டுறேன்."

"மிச்சத்த கொட்டுறீங்க. எனக்குத் தெரியும்."

அவர் ஈரக்கையை என் முன்னால் நீட்டினார். மோந்து பார்க்கச் சொல்கிறாரா, பிடித்துக்கொள்ளச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. கழுவிய கையைக் காட்டினால் என்ன தெரியும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தார். பிறகு கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு, "எபா டொக்டர் சொன்னா சரிதான்" என்றார். நான் முன்னால் விறுவிறுவென்று நடந்தேன். விரலில்லாத காலோடு ஏற்றத்தில் அவர் பின்னால் வந்தார்.

வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா போனிலேயே அழுதாள். நான் இங்கே யாருக்காகக் கிடந்து சாகிறேன் என்று அவள் அப்பாவிடம் கேட்டது எனக்கும் கேட்டது. அப்பா வாதாடவில்லை. ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இனிமே போவல" என்றார். ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகவே கீழ்க்கணக்குக்கு நடந்துபோய் அந்த மாமா வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தேன். "மச்சான் ஒரு வார்த்த சொல்லலையே" என்று மாமா தலையில் கைவைத்தார். இனிமேல் கூப்பிட மாட்டோம் என்று அத்தை எனக்கு வாக்குக் கொடுத்தாள். திரும்பி வரும்போது பீலியில் தண்ணீர் குடித்தேன். என் வேலை முழுசாக முடிந்துவிட்டது என்ற நிம்மதி.

அதற்கடுத்த கிளினிக்கில் சீனி ஏறவே இல்லை. போன தடவை இருந்த அதே அளவு. நல்ல வேளை, நேரத்தோடு பிடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். கீழ்க்கணக்குக்கு அத்தனை நாள் போய் வந்தவருக்கு அது ஏன் ஏறியிருக்கவில்லை என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை. கணக்கில் நான் வகுப்பில் முதலாம் பிள்ளை.

அம்மா வரவில்லை. அந்த வருசம் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருசத்துக்கு நீட்டினாள். அப்பா அதன்பிறகு வேலை விட்டால் நேரே வீட்டுக்கு வந்துவிடுவார். பதினொரு வாசலையும் தரையைப் பார்த்தபடி கடந்து வருவார். எங்கள் வீட்டில் சாயங்காலங்கள் ரொம்ப நீளமாகிவிட்டன. எபா டொக்டர் என்று கூப்பிடுவதும் எப்போதோ நின்றுபோயிற்று. எப்போது நின்றது என்றுகூட நான் கவனிக்கவில்லை.

அப்பா போய் நாலு வருசமாகிறது. நெஞ்சு வலி. எழவுக்கு வந்தவர்களுக்குச் சித்திதான் கையில் சீனி போட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள். வந்தவர்களெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்னாலதான் புள்ள அவரு ரெண்டு காலோட போறாரு" என்றார்கள். துக்கத்திலும் எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன்.

இப்போது நான் வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒற்றை அறை எடுத்துத் தனியாக இருக்கிறேன். இந்த வருசம் எனக்கும் சீனி வருத்தம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா போனில் அழுதாள். நான் அறையில் இருந்த சீனிப் போத்தலைக் காலி பண்ணிவிட்டு, கறுவாப்பட்டையை மென்றுகொண்டு திரிகிறேன். பகலில் சமாளித்துவிடுவேன். பள்ளிக்கூடம் விட்டு அறைக்கு வந்து கதவைத் திறக்கிற அந்த நேரத்தில்தான் நாக்கு ஆளைப் பிடித்து உலுக்கும். பசியா, ஆசையா, வேறென்னவா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

போன மாதம் ஒரு பிள்ளை ஒரு வாரமாகப் பள்ளிக்கூடம் வரவில்லை என்று அவள் லயத்துக்குத் தேடிப் போனேன். பிள்ளைக்குக் காய்ச்சல். அவளுடைய அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "டீச்சர், வாங்க, உள்ளுக்கு வாங்க. எங்க வீட்டுக்கெல்லாம் வந்திருக்கீங்க" என்று கதிரையைத் துடைத்துப் போட்டாள். பக்கத்துக் காம்பராப் பெண்களும் வந்து நின்றார்கள். சாயம் வந்தது. "கைய நீட்டுங்க டீச்சர்" என்றாள்.

எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? பதினொரு கதவைச் சாத்த வைத்தவள் நான். கையை நீட்டினேன். சீனி விழுந்தது. கையை மூடிக்கொண்டேன்.

வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் சீனியை வைத்துக்கொண்டு வெறுஞ்சாயம் குடிப்பது என்னவென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கை வியர்த்து, சீனி பிசுபிசுத்து, விரலிடுக்கால் வழிந்தது. அதன் வாசம் மூக்குக்கு வந்தது. வாயெல்லாம் ஊறியது. அவர்கள் பார்க்கும்போது இரண்டு மூன்று தடவை கையை உதட்டருகே கொண்டுபோய் இறக்கினேன். நாக்கை நீட்டவில்லை. முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். நான்கூட ஏதோ சொல்லி அவர்களைச் சிரிக்க வைத்தேன். கிளம்பும்போது, அடிக்கடி வாங்க டீச்சர் என்றார்கள். அப்படி ஒருவர் என்னிடம் சொல்லி ரொம்ப நாளாகியிருந்தது.

றோட்டுக்கு வரும் வழியில் ஒரு பீலி இருந்தது. யாரும் இல்லையென்று சுற்றிப் பார்த்துக்கொண்டு, குனிந்து, கையைத் தண்ணீருக்குள் நீட்டி விரித்தேன். வெள்ளையாகக் கட்டி ஒன்று சிமெந்தில் விழுந்து கரைந்து ஓடியது. அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமைப் போனுக்கு ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி வாரம் முழுக்கக் காத்துக்கிடந்தாள். அவளுடைய அப்பா, விரலில்லாத காலோடு, "வாங்க மச்சான்" என்று ஒரு குரல் கேட்க இரண்டு மைல் நடந்தார். இரண்டும் ஒன்றுதான் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. பீலியடியில் அவர் நீட்டிய கையை அவள் மோந்தும் பார்க்கவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.